ஆங்கிலத்திலிருந்து எந்தச் சொல்லை நீக்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கில நாளிதழைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘ஐகானிக்’ (அடையாளச் சின்னமான), ‘கேம் சேஞ்சர்’ (ஆட்டத்தையே மாற்றுவது), ‘அன்பிரசிடென்டட்’ (முன்னெப்போதும் இல்லாத) ஆகிய மூன்றும் கண்ணில் படுகின்றன. பொருள் தேய்ந்துபோன இத்தகைய சொற்களை அகராதியிலிருந்தே எடுத்துவிட்டால் என்ன? அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, தங்கள் சலிப்பு எனக்கும் உண்டு. அண்மையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஆங்கிலச் செய்திக்குறிப்பு ஒன்றில், ஒரே பக்கத்தில் ‘ஐகானிக்’ நான்கு முறை வந்திருந்தது. பழைய ரயில் நிலையம், ஒரு நடிகர், ஓர் இட்லிக் கடை, ஒரு பேருந்து நிறுத்தம் என நான்குக்கும் அதே அடைமொழிதான். சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு ஒவ்வொன்றையும் தமிழாக்க உட்கார்ந்தபோது, நான்கு இடங்களிலும் எழுதியவர் சொல்ல நினைத்தது வெவ்வேறு என்பது தெரிந்தது. ரயில் நிலையம் நூறாண்டைக் கடந்தது. நடிகரை மூன்று தலைமுறை அறியும். இட்லிக் கடையில் காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கிறது. பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள். இவ்வளவு செய்தியையும் அந்த ஒற்றைச் சொல் விழுங்கியிருந்தது.

ஆனால், நீக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. பிரெஞ்சு மொழிக்கு 1635இல் நிறுவப்பட்ட அகாதெமி இருப்பதுபோல் ஆங்கிலத்துக்கு ஒரு சபை அமையவே இல்லை. அமைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் மிகவும் பிடிவாதமானவர் ‘கல்லிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட். கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சொல் அவருக்கு அறவே பிடிக்கவில்லை. லத்தீன் தொடர் ஒன்றை முறித்துச் செய்த குறைப்பிறவி என்று அதை அவர் கருதினார். அதையும், கேலிப்பேச்சைக் குறிக்கும் ‘பேன்டர்’ என்ற சொல்லையும் தடுக்கச் சில ஆண்டுகளாகத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்து பார்த்தும், எதிர்த்தரப்பின் எண்ணிக்கையிடம் தோற்றுப்போனதாக 1710இல் அவரே எழுதினார். இரண்டாண்டு கழித்து, ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டுமென்று அரசின் தலைமை அமைச்சராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்குக் கடிதமாகவே ஒரு நூல் எழுதினார். அமைப்பு வரவில்லை, ‘மாப்’ மட்டும் இன்றுவரை நன்றாக வாழ்கிறது.

1755இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும் மொழியை நிலைநிறுத்தும் எண்ணத்தோடுதான் வேலையைத் தொடங்கினார். முடிக்கும்போது, அசைகளுக்கு விலங்கு பூட்டுவதும் காற்றைச் சாட்டையால் அடிப்பதும் ஒன்றே என்று முன்னுரையில் எழுதிவிட்டார். அகராதிக்காரர் ஒருவர் தம் தொழிலைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறோர் இடத்தை நான் படித்ததில்லை.

அதிகாரமின்றித் தடைப்பட்டியல் போடுவோர் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம், 1976 முதல் ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி ‘நாடு கடத்தப்பட்ட சொற்கள்’ என்றொரு பட்டியலை வெளியிடுகிறது. பொதுமக்கள் எழுதி அனுப்பும் பரிந்துரைகளிலிருந்தே அது தொகுக்கப்படுகிறது. தாங்கள் குறிப்பிட்ட மூன்றுமே அதில் ஏறியவை: ‘ஐகானிக்’, ‘கேம் சேஞ்சர்’ இரண்டும் 2009இல், ‘அன்பிரசிடென்டட்’ பெருந்தொற்றின்போது 2021இல். 2012இல் பட்டியலின் முதலிடம் ‘அமேசிங்’ என்ற சொல்லுக்கு. அவற்றில் ஒன்றாவது ஊரைவிட்டுப் போனதாகத் தெரியவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில், பத்திரிகையாளர் சிலரின் கேலியால் அண்மையில் செத்துப்போன தொடர்கள் என்று இரண்டைக் காட்டினார். அவற்றில் ஒன்று, ஒரு கல்லையும் புரட்டாமல் விடமாட்டோம் என்னும் பொருள் தரும் ‘லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்’. இன்றும் அதைக் காவல்துறை அதிகாரியின் பேட்டியில் நாம் படிக்கிறோம்.

அகராதியிலிருந்து சொற்கள் நீக்கப்படுவதே இல்லையா என்றால், நீக்கப்படுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதி ஏறிய சொல்லை இறக்குவதில்லை. வழக்கொழிந்தால் அதற்குரிய குறியை இட்டு அப்படியே வைத்திருக்கிறது. இடநெருக்கடி உள்ள சிறிய அகராதிகளே சொற்களைக் கைவிடுகின்றன. 2008இல் காலின்ஸ் நிறுவனம் அவ்வாறு கைவிட எண்ணிய இருபத்து நான்கு சொற்களை வெளியிட்டபோது, குட்டையாகவும் பருமனாகவும் இருப்பதைக் குறிக்கும் ‘ஃபப்சி’ என்ற சொல்லைக் காப்பாற்ற நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரை முன்வந்தார். 2007இல் ஆக்ஸ்ஃபோர்டின் சிறுவர் அகராதி மீன்கொத்தி, நீர்நாய், ஓக் மரக் காய், பெரணி ஆகியவற்றுக்கான சொற்களை விட்டுவிட்டு ‘பிளாக்’, ‘பிராட்பேண்ட்’ போன்றவற்றைச் சேர்த்தது. குழந்தைகளிடமிருந்து ஆற்றங்கரையையும் காட்டையும் பிடுங்கிவிட்டீர்கள் என்ற வருத்தத்தோடு 2015இல் மார்கரெட் ஆட்வுட் உட்பட இருபத்தெட்டு எழுத்தாளர்கள் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

இங்கேதான் தங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது. அகராதி கைவிடுவது யாரும் சொல்லாத சொல்லை; எல்லோரும் சொல்லும் சொல்லுக்கு அங்கே இடம் இன்னும் உறுதியாகிறது. ஆகவே ‘ஐகானிக்’ என்ற சொல்லை ஒழிக்க அகராதியை நம்ப வேண்டாம். தங்கள் மாணவர்கள் இன்றும் தங்களிடம் எழுதிக்கொண்டு வந்து காட்டுவார்களானால், அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடிட்டு, “இதில் எதைச் சொல்ல வந்தாய்?” என்று கேளுங்கள்.

கேள்வி: சொல்லுக்குச் சொல் உண்மையாக என்று பொருள்படும் ‘லிட்டரலி’ என்ற சொல்லை மிகைப்படுத்தலுக்குப் பயன்படுத்தியதற்காக என் கட்டுரையில் பேராசிரியர் மதிப்பெண் குறைத்துவிட்டார். அகராதியிலேயே அந்தப் பொருள் இருக்கிறதே! யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இருவரும் சரி, மகளே. அந்தப் பொருள் அகராதியில் இருப்பது உண்மை. மெரியம்-வெப்ஸ்டர் தன் பெரிய அகராதியில் 1909இலேயே அதைப் பதிந்துவிட்டது. இணையத் தலைமுறை கெடுத்த சொல் என்பது தவறான பழி.

ஆங்கிலத்தில் உண்மையைக் குறிக்கும் சொற்களுக்கெல்லாம் இதுவே நடந்திருக்கிறது. ‘வெரி’ என்பது உண்மையான என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இன்று அதில் உண்மை எங்கே இருக்கிறது? ‘ரியலி’யும் அப்படியே. நம் பேச்சிலும் இதைக் காணலாம். “சத்தியமா சொல்றேன், பிரியாணி அவ்வளவு நல்லா இருந்துச்சு” என்பவர் யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. சென்னைத் தமிழின் ‘மெய்யாலுமே’ என்பதற்குள் இருக்கும் மெய்யை இன்று யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. “படம் பயங்கரமா இருக்கு” என்றால் நாம் மகிழ்ச்சியோடு டிக்கெட் எடுக்கிறோம். ஆங்கிலத்தின் ‘டெரிஃபிக்’ அதே வழியில், அச்சுறுத்தும் என்ற பொருளிலிருந்து அருமையான என்ற பொருளுக்கு வந்து சேர்ந்ததுதான். கேட்பவரை நம்பவைக்கும் அவசரத்தில் மனிதர்கள் உண்மையைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அழைத்து அழைத்துச் சாட்சி வலுவிழக்கிறது. அடுத்த சாட்சியைத் தேடுகிறார்கள்.

பேராசிரியர் குறைத்ததிலும் நியாயம் உண்டு. ‘சொல்லுக்குச் சொல் அப்படியே’ என்று உணர்த்த ஆங்கிலத்தில் இதைவிடக் கைக்கடக்கமான சொல் கிடையாது. “அவர் லிட்டரலி தெருவில் நிற்கிறார்” என்று எழுதினால், அவர் வீடிழந்தாரா, பணக்கஷ்டத்தில் இருக்கிறாரா என்பது வாசகருக்குத் தெரியாது. தோழியிடம் பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள். கட்டுரையிலோ, வீடிழந்தவருக்காக அதை எடுத்துவையுங்கள்.

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையில் ‘நைஸ்’ என்று எழுதவே கூடாது என்று என் மகனின் பள்ளியில் விதி வைத்திருக்கிறார்கள். இது சரியா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அதற்குப் பதில் என்ன எழுதலாம் என்று சொல்லிக்கொடுத்தால் சரி, வெறும் தடையாக நின்றால் பயனில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்றில் ஒரு பாத்திரம், எல்லாவற்றையும் ‘நைஸ்’ என்று சொல்லும் பெண்ணை இதற்காகச் சீண்டுகிறது. இத்தனைக்கும் அந்தச் சொல் அறியாதவன் என்ற பொருளுடைய லத்தீன் மூலத்திலிருந்து பிறந்து, முதலில் முட்டாள்தனத்தையும், பிறகு நுணுக்கத்தையும், கடைசியில் இனிமையையும் குறித்தது. நம்முடைய ‘நாற்றம்’ நறுமணத்திலிருந்து இறங்கி வந்ததை நினைத்துப் பார்த்தால், அது ஏறிவந்த தொலைவு புரியும்.

கேள்வி: ‘பிரிபோன்’, ‘டூ த நீட்ஃபுல்’ போன்ற இந்திய ஆங்கிலச் சொற்களைக் கைவிட வேண்டும் என்று எங்கள் நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– மென்பொருள் பணியாளர், ஓசூர்

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதை ஒரே சொல்லில் சொல்ல ‘பிரிபோன்’ உதவுகிறது. ‘போஸ்ட்போன்’ தெரிந்த எவருக்கும் விளக்கமின்றிப் புரிகிறது. அதைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை. ‘தேவையானதைச் செய்யுங்கள்’ என்று பொருள்படும் ‘டூ த நீட்ஃபுல்’ என்பதில் எனக்குள்ள குறை அது இந்தியத்தன்மையுடையது என்பதன்று. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் எழுதியதுதான் அது. என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை என்பதே குறை. “வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிட்டு அனுப்புங்கள்” என்று எழுதினால் வேலை நடக்கும்.

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து நீக்கியே தீர வேண்டும் என்று தாங்கள் கருதும் சொல் ஏதேனும் உண்டா? ஒன்றே ஒன்று சொன்னால் போதும்.
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: உண்டு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது: ‘பரையா’.

கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டதைப் பெருமையோடு பட்டியலிடும் நாம், இந்த ஒரு சொல்லைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். பறையர் என்னும் மக்களின் பெயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில நூல்களில் இடம்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் அது எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுப்பொருளைப் பெற்று, மெல்ல உலகெங்கும் பரவியது. தெருநாய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள்; கரும்பருந்துக்கும் வைத்தார்கள். இன்று அணு ஆயுதச் சோதனை நடத்திய நாடு, ஊழலில் சிக்கிய வங்கியாளர், ஊக்கமருந்து உண்ட விளையாட்டு வீரர் என யாரை உலகம் வெறுத்தாலும் ஆங்கில நாளிதழின் தலைப்பில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் பெயரின் பழைய வாழ்க்கை வேறு. பறை என்னும் கருவியோடு தொடர்புடையது அது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்த நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்று பாடுகிறார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவாக வீசப்பட்டதைத் தலைநிமிர்ந்து எடுத்து அணிந்த செயல் அது. அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்து, நாங்கள் பூர்வத் தமிழர் என்றார். எடுத்துக்கொள்வதா, மறுப்பதா என்பது அந்த மக்கள் தமக்குள் பேசி முடிவுசெய்ய வேண்டியது. லண்டனிலோ நியூயார்க்கிலோ தலைப்பு எழுதுபவர் அந்த விவாதத்தில் எவ்விதத்திலும் பங்காளி அல்லர்.

முன்பு சொன்ன ‘நைஸ்’ போலவே இதுவும் பொருள் மாறிய சொல்தானே, மூலத்தை இன்று யார் நினைக்கிறார்கள் என்று என்னிடம் ஆங்கில இதழாளர் ஒருவர் கேட்டார். மூலத்துக்கு உரியவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் அச்சிட்ட சாதிச் சான்றிதழைப் பள்ளியில் கொடுத்துக் கல்வி உதவித்தொகை பெறும் பிள்ளை, அதே பள்ளி நூலகத்தில் ஆங்கில நாளிதழை விரித்து, கொலைகாரச் சர்வாதிகாரி ஒருவனுக்குத் தன் சமூகத்தின் பெயர் வசவாக இடப்பட்டிருப்பதைப் படிக்கிறது. தேய்ந்த சொல் வாசகரைச் சலிப்படையச் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இது வாழும் மனிதரைக் காயப்படுத்துகிறது.

நடைமுறையில் நீக்க முடியுமா என்ற ஐயத்துக்கு நம் மாகாண வரலாற்றிலேயே முன்னுதாரணம் உண்டு. எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, 1922இல் அரசு தன் ஆவணங்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற பெயர்களைக் கைவிட்டு, தமிழ் மாவட்டங்களில் ‘ஆதி திராவிடர்’ என்றும் தெலுங்கு மாவட்டங்களில் ‘ஆதி ஆந்திரர்’ என்றும் எழுத ஆணையிட்டது. அரசின் ஆங்கிலம் ஓர் ஆணையில் மாறியது. நாளிதழ்களின் ஆங்கிலம் மாற ஆணைகூட வேண்டியதில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் உள்ள நடைக்கையேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அகராதியிலிருந்து எடுக்கும்படி நான் கேட்கவில்லை. பழைய நூல்களைப் படிப்பவருக்கு அது என்னவென்று தெரிய வேண்டும். அது எந்த மக்களின் பெயர், எப்படி வசவாக்கப்பட்டது என்ற வரலாற்றையும் அகராதி சேர்த்தே சொல்ல வேண்டும். நீங்க வேண்டியது வழக்கிலிருந்து. எங்கள் மேசைக்கு வரும் வெளிநாட்டுச் செய்திகளில் மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ‘பரையா ஸ்டேட்’ வருகிறது. தமிழில் ‘தனிமைப்படுத்தப்பட்ட நாடு’ என்றோ, ‘பிற நாடுகள் உறவைத் துண்டித்துக்கொண்ட நாடு’ என்றோ எழுதுகிறோம். எங்கள் ஆங்கிலப் பதிப்பில் அதை அடித்துவிட்டு ‘ஐசொலேட்டட்’ என்று போடுகிறோம். அதனால் வாக்கியத்தில் ஏதோ குறைந்துவிட்டதாக இதுவரை எந்த நிருபரும் என்னிடம் வந்து சொன்னதில்லை.