பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டா?

கேள்வி: மார்ச் 7 திருப்பலியில் புனித பெர்பெத்துவாவைப் பற்றி மறையுரை கேட்டேன். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்து மறைசாட்சியாகப் போனாராம். எனக்கும் ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. இதைத் துணிச்சல் என்று சொல்ல மனம் வரவில்லை, கல்நெஞ்சம் என்றே தோன்றுகிறது. இப்படி நினைப்பது பாவமா?
- ஒரு வாசகி

பதில்: பாவமெல்லாம் இல்லை, சகோதரி. அவரைப் பெற்ற அப்பாவே இதைத்தான் கேட்டார்: நீ போனால் உன் பிள்ளை எப்படிப் பிழைப்பான்?

கி.பி. 203-இல், ரோமையர் ஆண்ட வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் சிறையில் பெர்பெத்துவாவே எழுதிய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. வயது 22 இருக்கும். வசதியான வீட்டுப் பெண். வீரவசனத்தைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். இப்படியோர் இருட்டைக் கண்டதே இல்லை, பயந்துபோனேன் என்கிறார். நெரிசல், புழுக்கம், எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளைக் கவலை. திருத்தொண்டர்கள் இருவர் காவலருக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் நல்ல இடத்துக்கு மாற்றினார்கள். பசியில் துவண்டிருந்த பிள்ளைக்கு அங்கேதான் பால் கொடுத்தார். பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறையே எனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்று எழுதுகிறார். கல்நெஞ்சக்காரி எழுதுகிற வரியா இது?

ஆனாலும் உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது. ரோமைப் பேரரசர் நலனுக்காகத் தெய்வங்களுக்குப் பலியிட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரால் முடியவில்லை. அங்கிருந்த ஒரு குடத்தைக் காட்டி, இதைக் குடம் என்றல்லாமல் வேறு பெயரில் சொல்ல முடியுமா, நானும் கிறிஸ்தவள்தான் என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தார்.

மரணத் தீர்ப்புக்குப் பிறகு பிள்ளையைக் கேட்டு ஆளனுப்பினார். அப்பா தர மறுத்துவிட்டார். அதன்பின் பிள்ளை பால் கேட்கவில்லை, எனக்கும் பால் கட்டிக்கொள்ளவில்லை என்று குறித்து வைத்திருக்கிறார். அந்த வரியின் கனம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு அந்த அப்பாவை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. மகளின் காலில் விழுந்து அழுத மனிதர். விசாரணையில் அவரைக் கோலால் அடித்தபோது, தன்னையே அடித்ததுபோல் வலித்தது என்கிறார் மகள்.

உடனிருந்த அடிமைப்பெண் பெலிசித்தா, சாவுக்குச் சில நாள் முன்புதான் சிறையில் பெண்குழந்தை பெற்றார். அரங்கில் அவர் மார்பில் பால் சொட்டுவதைக் கண்டு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே அரண்டுபோனது. திருப்பி அழைத்து, உடை உடுத்தி, மறுபடி அரங்குக்கே அனுப்பினார்கள்.

நாட்குறிப்பு சில பக்கங்கள்தான். பிள்ளை தூங்கும் நேரத்தில் படித்துவிடலாம். அதன் பிறகும் கோபம் இருந்தால் மறுபடி எழுதுங்கள்.