மேட்சிங் சென்டரில் என்ன மேட்ச்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். காரைக்குடியில் ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். 'மேட்சிங் சென்டர்' என்று போர்டு. போன மழையில் எழுத்து உரிந்துவிட்டதால் புதிதாக எழுதக் கொடுத்தேன். பெயிண்டர் 'மேச்சிங் சென்டர்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எட்டாவது படிக்கும் என் மகன் அதைப் பார்த்துச் சிரித்தான். அதோடு விடவில்லை. "மேட்ச்னா கிரிக்கெட்தானேம்மா, நம்ம கடையில என்ன மேட்ச் நடக்குது?" என்றான். தீப்பெட்டிக்கும் அதே பேர்தானே என்று அவன் தங்கை எடுத்துக்கொடுத்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கடைக்கு வரும் தமிழாசிரியர் ஒருவர் 'பொருத்தகம்' என்று மாற்றச் சொல்கிறார். இவையெல்லாம் ஒரே சொல்தானா? தமிழில் எதைச் சொல்வது? போர்டை மாற்றட்டுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பெயிண்டரை முதலில் மன்னித்துவிடுங்கள். அவர் எழுதியதில் பெரிய பிழை இல்லை. 'ச்ச' என்று இரட்டித்தாலே தமிழில் அந்த அழுத்தமான ஒலி வந்துவிடும். பச்சை, மிச்சம் என்று சொல்லிப் பாருங்கள். 'ட்ச' என்று எழுதினாலும் அதேதான்: காட்சி, ஆட்சி. ஆகவே மேட்சிங், மேச்சிங் இரண்டையும் வாய் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்லும். ஆனால் 'மேச்சிங்' என்று எழுத்தில் பார்த்தால் எனக்கு ஆடு மேய்க்கிற நினைப்பு வருகிறது. உங்கள் மகனும் அதற்குத்தான் சிரித்திருப்பான்.

அவன் கேள்விக்கு வருகிறேன். கிரிக்கெட் மேட்சும் உங்கள் கடை மேட்சிங்கும் ஒரே சொல்தான். தீப்பெட்டி மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. அதை அப்புறம் பார்ப்போம்.

பழைய ஆங்கிலத்தில் 'யெமாச்சா' என்பது போல ஒலித்த ஒரு சொல் இருந்தது. ஜோடியில் ஒருவர், கூட்டாளி, கணவன் அல்லது மனைவி, சரிசமமானவர் என்று அதற்குப் பொருள். அதிலிருந்து வந்ததுதான் மேட்ச். விளையாட்டு என்ற அர்த்தம் பிறகு ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில்தான் 'ஆட்டம்' என்ற பொருளில் அது புழங்கத் தொடங்குகிறது. ஒருவனுக்குச் சரிசமமானவன் யாரோ அவனோடு மோதிப் பார்ப்பதுதான் மேட்ச். துணையாக இருந்த சொல்லே எதிராளியையும் குறிக்க ஆரம்பித்துவிட்டது. ஆக வரிசையில் உங்கள் கடைதான் மூத்தது, கிரிக்கெட் பிற்பாடு வந்தது. மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

துணை எப்படி எதிராளியாகும் என்று அவன் கேட்டால், நாங்கள் சின்ன வயதில் கண்மாய்க்கரைப் பொட்டலில் ஆடியதைச் சொல்லலாம். கபடியோ கிட்டிப்புள்ளோ, ஆட்டம் தொடங்குமுன் உத்தி பிரிப்போம். இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ள வேண்டும். யாரோடு யார் சேர்வது? ஓட்டத்திலும் பலத்திலும் யார் சரிக்குச் சரியோ அவர்கள்தான். நோஞ்சானும் தடியனும் உத்தி சேர முடியாது, மற்றவர்கள் விடமாட்டார்கள். ஜோடி சேர்ந்ததும் தோளில் கைபோட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பேர் வைத்துக்கொண்டு திரும்பி வருவோம். "கப்பல் வேணுமா, ரயில் வேணுமா?" என்று கேட்போம். தலைவர்களில் ஒருவன் கப்பல் என்பான். கப்பல் அவன் பக்கம், ரயில் அடுத்தவன் பக்கம். தோளில் கைபோட்டு வந்தவர்கள் அடுத்த நிமிடம் எதிரெதிர் அணி. என் உத்தியாக எப்போதும் வந்தவன் ஒருவன் இருந்தான். ஏழெட்டு வருஷம் தொடர்ந்து ஆடியும் ஒருநாள்கூட நாங்கள் ஒரே கட்சியில் ஆடியதில்லை. ஆட முடியாது, அதுதான் விதி. அவனை என் நண்பன் என்பதா, எதிரி என்பதா என்று அப்போது யோசித்ததில்லை. ஆங்கிலத்தில் அவன் என் மேட்ச்.

இந்த ஏற்பாட்டின் அழகு, நடுவர் யாரும் இல்லாமலேயே இரண்டு அணியும் தராசுத் தட்டு மாதிரி நின்றுவிடும் என்பதுதான். அம்பயர் என்ற சொல்லுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'சமமில்லாதவர்', அதாவது ஜோடியில் சேராத மூன்றாம் ஆள் என்ற பொருளில் இருந்த 'நோம்பெர்' போன்ற சொல் ஆங்கிலத்துக்குள் வந்து, முன்னால் இருந்த ந-வைத் தொலைத்துவிட்டு அம்பயர் ஆனது. இரண்டு பேர் உத்தி சேர்ந்தபின் மிச்சமாக நிற்கிற ஒற்றை ஆள். எங்கள் ஊரிலும் ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் அந்தப் பையனைத்தான் கோட்டருகே நிற்க வைப்போம்.

ஒரு மேட்ச் எப்போது முழு அர்த்தத்தில் மேட்ச் ஆகிறது என்று கேட்டால், நான் 1986 செப்டம்பர் 22 என்பேன். சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டின் ஐந்தாம் நாள். இந்தியாவுக்கு இலக்கு 348. ரன் 347க்கு வந்து சமமாக நிற்கிறது, கையில் ஒரே விக்கெட். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மேத்யூஸ் வீச, மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ. மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான், 1960இல் பிரிஸ்பேனில், இப்படி 'டை' ஆகியிருந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு பெரியவர், "அப்ப செயிச்சது யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாருமில்லை என்று சொன்னால் நம்பவில்லை. டிராவுக்கும் டைக்கும் வித்தியாசம் சொல்லப் போய் எங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. ஆட்டம் முடியாமல் நேரம் முடிந்தால் டிரா. ஆடி முடித்தும் இருபக்க ரன்னும் சமமானால்தான் டை.

டென்னிஸ் பார்க்கிற வீடாக இருந்தால் மகன் இன்னொன்றும் கேட்பான்: கேமுக்கும் மேட்சுக்கும் என்ன வேறுபாடு? டென்னிஸில் அது தெளிவு. கேம்கள் சேர்ந்து செட், செட்கள் சேர்ந்து மேட்ச். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மாஹுவும் ஆடியது ஒரே மேட்ச்தான். மூன்று நாள் நீண்டு, 11 மணி 5 நிமிடம் ஓடியது. கடைசி செட் மட்டும் 70-68. மற்ற ஆட்டங்களில் இது பழக்கத்தைப் பொறுத்தது. பிரிட்டன்காரர்கள் கால்பந்தையும் கிரிக்கெட்டையும் மேட்ச் என்பார்கள். அமெரிக்கர்களுக்கு பேஸ்பால், கூடைப்பந்து எல்லாமே கேம். நாம் பிரிட்டன்காரர்களிடம் கற்றவர்கள், அதனால் "மேட்ச் கேட்டு வந்திருக்கானுவ" என்கிறோம். பக்கத்து ஊர்ப் பையன்கள் சைக்கிளில் வந்து மேட்ச் கேட்பது இன்னும் நடக்கிறது. 'கேம் கேட்டு' யாரும் வருவதில்லை.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை, நாலைந்து சொற்களாகப் பிரிந்து கிடக்கிறது. நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று உருவம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். பெரிய மாட்டோடு பூஞ்சிட்டு ஓடாது. இத்தனை ஜோடி கலந்துகொண்டன என்று மைக்கில் அறிவிப்பார்கள். ஒரே நுகத்தில் பூட்டுகிற இரண்டும் உயரத்திலும் நடையிலும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். இங்கே ஜோடிப் பொருத்தமும் மேட்ச், பிரிவு பார்த்து ஓட விடுவதும் மேட்ச். ஆங்கிலத்தின் இரண்டு அர்த்தமும் ஒரே ரோட்டில் ஓடுகிறது. நாம் ஒன்றை ஜோடி என்றும் மற்றதைப் பந்தயம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

'இணை' என்பது மேட்சுக்கு மிக நெருங்கிய தமிழ். ஜோடி என்றும் பொருள், சமம் என்றும் பொருள். இணையற்ற என்கிறோமே, அது அப்படியே மேட்ச் இல்லாத. கிரிக்கெட் வர்ணனையில் தொடக்க இணை என்று நன்றாகப் புழங்குகிறது. ஆனால் மோதல் என்ற அர்த்தம் இணைக்குள் நுழையவே இல்லை. அதை 'ஈடு' எடுத்துக்கொண்டது: "அவனுக்கு ஈடுகொடுத்து ஆடினான்." இந்த ஈடு உங்கள் ஊருக்கு அந்நியமான சொல் அல்ல. கடன் கொடுக்கிற கடைகளில் நகையை ஈடு வைக்கச் சொல்வார்கள். கொடுக்கிற தொகைக்குச் சமமாக நிற்கிற பொருள் எதுவோ அதுதான் ஈடு. லேவாதேவிக்கும் கபடிக்கும் ஒரே சொல் வேலை செய்கிறது என்பது எனக்கு இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதுதான் உறைத்தது.

செய்தித்தாள்கள் எல்லாவற்றுக்கும் 'போட்டி' என்று எழுதிவிடுகின்றன. உலகக்கோப்பைப் போட்டி என்பார்கள், அதன் இறுதிப் போட்டி என்பார்கள், அன்றைய போட்டி என்பார்கள். தொடர் எது, ஓர் ஆட்டம் எது என்று பிரிக்க முடியாது. என் கட்சி, ஒரு மேட்சுக்கு 'ஆட்டம்', மொத்தத்துக்குத் 'தொடர்' அல்லது 'போட்டி'. ஆட்ட நாயகன் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆட்டம் என்று எழுத என்ன தயக்கம்? மேலும் நம் ஊர் மெஸ்ஸில் போய் "இன்னைக்குப் போட்டி உண்டா?" என்று கேட்டால் ஆட்டுக்குடல் வறுவல்தான் வரும். அதேபோல மேட்ச் பிக்சிங்கைச் சூதாட்டம் என்று எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் கட்டி ஆடுவது சூது. முடிவை முன்கூட்டியே விற்பது வேறு குற்றம். சரிசமம் என்ற அந்த உத்தியையே உடைப்பது.

கல்யாணத்துக்கு வந்தால் ஆங்கிலத்தில் இன்னும் வேடிக்கை. பெண் மாப்பிள்ளை பேசி முடிப்பவருக்கும் குத்துச்சண்டையில் யாரோடு யாரை மோதவிடுவது என்று ஏற்பாடு செய்பவருக்கும் ஒரே பெயர்: மேட்ச்மேக்கர். கல்யாணமானவர்கள் யோசித்துப் பார்க்கலாம். நாம் பத்துப் பொருத்தம் என்று ஜாதகத்தில் பார்க்கிறோம். நகரத்தார் வீடுகளிலோ ஜாதகத்துக்கு முன்னால் "எந்தக் கோயில்?" என்ற கேள்வி. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். ஒரே கோயில் என்றால் பங்காளி ஆகிவிடும் (பெரிய கோயில்களில் உட்பிரிவுக் கணக்கு தனி). அங்கே பொருந்த வேண்டுமானால் முதலில் வேறாக இருக்க வேண்டும்.

உங்கள் தொழிலிலும் அப்படித்தான். கண்டாங்கிச் சேலைக்கு ரவிக்கை கேட்டு வந்தால் சேலையின் உடல் நிறத்துக்கா துணி எடுத்துக்கொடுக்கிறீர்கள்? மஞ்சள் உடலுக்கு அரக்கு பார்டர் என்றால் அரக்கைத்தான் எடுத்துப் போடுவீர்கள். பழைய ஆச்சிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பின்கொசுவம் வைத்து, ரவிக்கையில்லாமல் உடுத்தினார்கள். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் ரவிக்கைக்கு யாரும் குறியீடு கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இதற்குள் மூன்று சொல் உண்டு. ரவிக்கை சேலைக்கு மேட்ச் ஆகும், சேலை ஆளுக்கு சூட் ஆகும், ரவிக்கை அளவு ஃபிட் ஆகும். நாம் மூன்றுக்கும் "பொருந்துது" என்று சொல்லி முடித்துவிடுவோம். நீங்கள் கடையில் மூன்றையும் கலக்காமல் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சொற்களைப் பொறுத்தவரை கடைக்காரர்கள் எழுத்தாளர்களைவிடக் கறாரானவர்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்தது. கண்ணாடித் தட்டின்மேல் சாயத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டுக் கையால் செய்கிற கல். அதே பூ, அதே சிவப்பு என்று புதுக்கல் வாங்கிவந்து பதித்தோம். தனியாகத் தெரிந்தது. பதித்தவர் பார்த்துவிட்டு, "பூ மேட்ச்தாங்க, பழசுதான் மேட்ச் இல்ல" என்றார். இன்னும் தனியாகத்தான் தெரிகிறது.

இனி மகளின் தீப்பெட்டி. அந்த மேட்ச் ஜோடியிலிருந்து வந்ததல்ல. விளக்குத் திரியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. முன்பு துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் நெருப்பு வைக்கிற புகையும் கயிற்றுத் திரிக்கு அந்தப் பெயர். 1827இல் ஜான் வாக்கர் என்ற ஆங்கிலேய மருந்துக்கடைக்காரர், உரசினால் பற்றுகிற குச்சியை விற்க ஆரம்பித்தார். பிற்பாடு அந்தக் குச்சிக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எழுத்தும் ஒலியும் ஒன்றாகிப்போனது தற்செயல். ஆனால் உங்கள் மகளுக்குப் பிடிக்கிற ஒன்று உண்டு. நாம் பேச்சில் வத்திப்பெட்டி என்கிறோமே, அந்த வத்தி எது? வர்த்தி. சமஸ்கிருதத்தில் அதற்கும் பொருள் திரிதான். மெழுகுவர்த்தி, ஊதுவத்தி எல்லாம் அந்த வழி. அவர்களும் திரியை எடுத்துக் குச்சிக்கு வைத்தார்கள், நாமும் திரியை எடுத்துக் குச்சிக்கு வைத்தோம். ஒருவரையொருவர் கேட்காமல்.

போர்டை மாற்ற வேண்டாம். 'பொருத்தகம்' என்று எழுதினால் உள்ளே ஜோசியர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நடுவில் அந்த 'ச்'சை மட்டும் 'ட்' ஆக்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்துதான், பெயிண்டர் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.