சான்றிதழ் சேர்த்தது போதும், ஹாக்கி மட்டையை அவன் கையில் கொடுங்கள்

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். தமிழ் வழி, பயோ-மேத்ஸ் குரூப். என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். விண்ணப்பம் வலுவாக இருக்கட்டும் என்று என்சிசி, சிலம்பம், இந்தி, டைப்ரைட்டிங் எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டேன். நேரம் போதவில்லை என்பதால் ஹாக்கியை நிறுத்தச் சொன்னேன். இன்னும் என்னென்ன சான்றிதழ் வாங்க வேண்டும்? எம்எல்ஏவிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கினால் உதவுமா? என் கணவர் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறார். மாலையில் பெட்டிக்கடை நடத்துகிறோம், மகன்தான் கவனித்துக்கொள்கிறான். இதையெல்லாம் படிவத்தில் எப்படிப் போடுவது என்று தயக்கமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் தானும் போவேன் என்கிறாள்.
– ஒரு தாய், கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஹாக்கி. தயவுசெய்து அவனை நாளைக்கே மைதானத்துக்கு அனுப்புங்கள். கோவில்பட்டியில் பிறந்து, ஹாக்கி விளையாடத் தெரிந்து, அதை என்டிஏவுக்காக நிறுத்திய பிள்ளை என்று படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. நீங்கள் சேர்த்துவிட்ட எல்லாவற்றையும்விட அவனுக்கு அதிகம் உதவக்கூடியது அதுதான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்டிஏ விண்ணப்பத்தில் சான்றிதழ்களுக்கு மதிப்பெண் கிடையாது. யுபிஎஸ்சி இணையதளத்தில் நிரப்பும் படிவம் அது. வயது, படிப்பு, முப்படைகளில் எதற்கு முன்னுரிமை போன்ற விவரங்களைத்தான் கேட்கும். சிபாரிசுக் கடிதத்துக்கு அதில் இடமே இல்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் சேரப் பெரும்பாலும் அந்த ஊர் எம்பியின் பரிந்துரை வேண்டும் என்பது உண்மைதான். நம் நாட்டில் அந்த முறை இல்லை. எம்எல்ஏ வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம். யாராவது பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மொத்தம் 1800 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வுக்கு 900. எழுத்துத் தேர்வில் கணிதம் 300, பொதுத்திறன் 600. பொதுத்திறனில் ஆங்கிலம் 200, மீதி 400க்கு இயற்பியல், வேதியியல், வரலாறு, புவியியல், நடப்புச் செய்திகள் எல்லாம் வரும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். அண்மை ஆண்டுகளில் எழுத்துத் தேர்வின் கட்-ஆஃப் 900க்கு 300ஐ ஒட்டியும், சில முறை 360 வரையும் இருந்திருக்கிறது. அதாவது எல்லாக் கேள்விக்கும் விடை எழுதத் தேவையில்லை. தெரிந்ததைத் தப்பில்லாமல் செய்துவிட்டு, தெரியாததைத் தொடாமல் விடும் நிதானம் வேண்டும்.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருக்கும். தமிழில் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். தமிழ் வழியில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள் கேள்வி புரியாமலே மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது இந்தி வகுப்போ டைப்ரைட்டிங்கோ இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பு. தமிழில் படித்த அதே பாடத்தை அதில் ஒருமுறை புரட்டினால் போதும், சொற்கள் பழகிவிடும். பாடத்திட்டம் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பழைய வினாத்தாள்கள் யுபிஎஸ்சி தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கூடவே தினமும் ஓர் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பக்கமாவது வாசித்து, அதை வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லிக்காட்டட்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும் தேர்வு நடக்கும். பிளஸ் ஒன் மாணவர்கள் எழுத முடியாது. பிளஸ் டூ படிக்கும்போது எழுதலாம். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். பிறந்த தேதியைப் பொறுத்து அவனுக்கு மூன்று அல்லது நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். அது அவனிடம் இருக்கிறது.

இனி எஸ்எஸ்பி. எழுத்துத் தேர்வில் தேறிய பலர் இங்கேதான் திரும்பிப் போகிறார்கள். பெங்களூரு, மைசூரு, போபால் போன்ற மையங்களில் ஐந்து நாள் தங்க வைத்துப் பார்ப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு இலவசம். முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தையும் திருப்பித் தருவார்கள், செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். முதல் நாள் வடிகட்டலிலேயே பாதிக்கு மேல் வீடு திரும்புவது சகஜம். இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. ஒரு படத்தை 30 விநாடி பார்த்துவிட்டு நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். அப்படிப் பன்னிரண்டு, கடைசிப் படம் வெறும் வெள்ளை. பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் மனதில் தோன்றும் ஒரு வாக்கியம். அப்புறம் அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைகள், நீ என்ன செய்வாய் என்று. யோசித்து நடிக்க நேரமே இருக்காது, அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு நாள் மைதானம். பலகை, கயிறு, கட்டை கொடுத்து, இந்தத் தடையைத் தாண்டி இந்தச் சுமையைக் கொண்டு போங்கள் என்று ஒரு குழுவிடம் விடுவார்கள். இங்கேதான் ஹாக்கி வருகிறது. பந்தை எப்போது வைத்திருப்பது, எப்போது பாஸ் கொடுப்பது, கூட விளையாடுகிறவன் தவறு செய்தால் அவனிடம் எப்படிப் பேசுவது, தோற்றுக்கொண்டிருக்கும்போது எப்படி ஓடுவது என்பதெல்லாம் உங்கள் மகனுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். தனியாகச் செய்யும் சிலம்பமும் நல்லதுதான், அவனுக்குப் பிடித்தால் தொடரட்டும். ஆனால் பத்துப் பேரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிப்பதைக் குழு விளையாட்டு கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வேறெதுவும் கற்றுக்கொடுக்காது. முடிந்தால் பள்ளி அணிக்குக் கேப்டனாகவோ, சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவனாகவோ ஆகட்டும். ஊர்க் குளம் தூர்வாரவோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ பத்துப் பேரைச் சேர்த்து ஒரு வேலையை முன்நின்று செய்யட்டும். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

என்சிசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்டிஏவில் என்சிசிக்குத் தனி ஒதுக்கீடு இல்லை. கல்லூரியில் 'சி' சான்றிதழ் வாங்கினால் பட்டப்படிப்புக்குப் பிறகு தனி நுழைவு வழி உண்டு, அது வேறு விஷயம். முகாம், அணிவகுப்பு, அதிகாலை எழுந்திருப்பது அவனுக்குப் பிடித்திருந்தால் என்சிசியில் இருக்கட்டும். பிடிக்காமல் உங்களுக்காகப் போகிறான் என்றால் விட்டுவிடலாம்.

நேர்காணலுக்கு முன்னால் பிஐக்யூ என்ற படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். பெற்றோர் வேலை, வருமானம், பள்ளி, மதிப்பெண், விளையாட்டு, பொழுதுபோக்கு, ஏற்ற பொறுப்புகள் எல்லாம் அதில் இருக்கும். நேர்காணல் அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். பொழுதுபோக்கு வாசிப்பு என்று எழுதினால் கடைசியாக வாசித்த புத்தகம் எது, அதில் என்ன பிடிக்கவில்லை என்று போய்க்கொண்டே இருக்கும். பேருக்குச் சேர்ந்த நான்கு வகுப்புகள் இங்கே நான்கு பள்ளங்கள். உளவியலாளர், நேர்காணல் அதிகாரி, மைதான அதிகாரி மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாள்தான் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஓரிடத்தில் போட்ட வேஷம் இன்னோரிடத்தில் கலைந்துவிடும். எஸ்எஸ்பிக்கென்று மனப்பாட விடைகள் சொல்லித்தரும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டுவதை நான் ஆதரிக்காததற்கும் இதுதான் காரணம்.

ஆகவே உங்கள் கணவரின் வேலையை உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. சூப்பர்வைசர் என்று கூட்டி எழுத வேண்டாம். பெட்டிக்கடையையும் எழுதட்டும். பதினாறு வயதில் மாலையில் கடையைப் பார்த்து, கணக்கு வைத்து, கடன் சொல்லும் வாடிக்கையாளரைச் சமாளித்து, பிறகு படிக்கவும் உட்காருகிறான் என்றால் பொறுப்பு என்ற சொல்லுக்கு அவன் விளக்கம் தேட வேண்டியதில்லை. இந்த வாரக் கொள்முதல் எவ்வளவு, லாபம் எவ்வளவு, எந்தச் சரக்கு தேங்குகிறது என்று அதிகாரி கேட்டால் அவன் தலைநிமிர்ந்து பதில் சொல்வான். நீங்கள் தயங்கினால் அவனும் தயங்குவான். வீட்டில் அந்தப் பேச்சே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழு விவாதமும் நேர்காணலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். இலக்கணம் திருத்துவது அங்கே நோக்கமல்ல, சொல்ல வந்தது புரிய வேண்டும். நான்கு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து மூன்று நிமிடம் யோசித்து மூன்று நிமிடம் பேசும் தேர்வு ஒன்றும் உண்டு. வாரத்துக்கு இரண்டு தலைப்பு, கடிகாரம் வைத்து, நண்பர்கள் முன்னால் பேசிப் பழகட்டும். முதல் மாதம் தடுமாறுவான், யாரும் சிரிக்காமல் கேட்க வேண்டும்.

உடல்நிலையை இப்போதே பாருங்கள். கண் பார்வை, நிறக்குருடு, பல், காது, தட்டைப் பாதம், முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிப்பது ஆகியவற்றை ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நிறக்குருடு இருந்தால் முன்பே தெரிவது அவனுக்கு நல்லது. பல் போன்றவற்றைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. பச்சை குத்த வேண்டாம். 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடுவது, 20 தண்டால், 8 சின்-அப் என்பதை யுபிஎஸ்சி அறிவிக்கையே முன்கூட்டிப் பழகச் சொல்கிறது. ஹாக்கி விளையாடுகிறவனுக்கு ஓட்டம் கஷ்டமே இல்லை, தோள் வலுவைத்தான் கூட்ட வேண்டியிருக்கும்.

ஒரு தேர்வுக்குச் சுமார் 400 இடங்கள்தான், எழுதுபவர்கள் லட்சக்கணக்கில். கிடைக்காமல் போகலாம், அதை அவனிடம் இப்போதே பேசுங்கள். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதட்டும், அதைத் தமிழிலேயே எழுதலாம். அந்தத் தேர்வை வைத்து ராணுவத்தின் பிளஸ் டூ தொழில்நுட்ப நுழைவுக்கும், கேரளாவின் எழிமலாவில் கடற்படை நடத்தும் பிடெக் நுழைவுக்கும் விண்ணப்பிக்க முடியும். பட்டம் முடித்து, பட்டதாரிகளுக்கு யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் தேர்வு எழுதி, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓடிஏவுக்குப் போகும் வழியும் இருக்கிறது. அசோக் சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் என்டிஏவில் படித்தவர் அல்ல. பட்டம் முடித்து அந்த ஓடிஏவில் பயிற்சி பெற்று 2006இல் அதிகாரியானவர்.

விண்ணப்பத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் வழுக்குவது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். பிறந்த தேதிக்கும் அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆதாரில் ஒரு மாதிரியும் சான்றிதழில் ஒரு மாதிரியும் இருந்தால் இந்தக் கோடை விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு நேரடியாக ஒரு நல்ல செய்தி. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகு பெண்களும் என்டிஏ தேர்வு எழுதுகிறார்கள். 2022இல் சேர்ந்த முதல் அணியின் 17 பெண்கள் 2025 மே 30 அன்று, என்டிஏ இருக்கும் புனே அருகிலுள்ள கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அவள் ஐந்தாம் வகுப்பில் இருப்பது சரியான சமயம். உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் உள்ள சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். நுழைவுத் தேர்வு அகில இந்திய அளவில் நடக்கும், ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று மகனையே பார்க்கச் சொல்லுங்கள், தங்கைக்கான படிவத்தையும் அவனே நிரப்பட்டும்.