ஜன்னலுக்கு உள்ளே இரண்டாவது கண்ணாடி: மரச்சட்டம் பற்றிக் கேள்வி பதில்

இருக்கிற ஜன்னலைக் கழற்றாமல், அதன் உள்பக்கம் தனி மரச்சட்டத்தில் இன்னொரு கண்ணாடி போடுவது பற்றிப் பலர் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: எந்த மரம் எடுப்பது? தேக்குதான் போட வேண்டுமா?

மரத்தின் பெயரைவிட அது நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் சட்டத்துக்கு ஈரம் 8 முதல் 12 சதவீதம் இருக்கலாம். ஈர மரத்தில் செய்த சட்டம் பிறகு காயும்போது முறுக்கிக்கொள்ளும். கதவு மூடினாலும் ஒரு மூலை ஒட்டாது.

அடுத்து, கட்டையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் அகலமான முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அதை எடுங்கள். மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, அதற்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் அப்படி அறுத்த கட்டை குறைவாகவே வளையும்.

தேக்கு நல்ல மரம்தான். ஆனால் எண்ணெய்ப் பசை உள்ளது, ஒட்டும் இடங்களை அசிட்டோனால் துடைத்துவிட்டுத்தான் பசை போட வேண்டும். பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் கணு இல்லாத பைன் போதும், தேக்குக்குச் செலவழிக்காதீர்கள். ஓக் என்றால் பித்தளை ஸ்க்ரூ அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள், இரும்பு பட்டால் மரம் கறுத்துவிடும். சாதா எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம், கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்கினால் உப்பிவிடும்.

கேள்வி: சாலைச் சத்தம் தாங்க முடியவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

100 மி.மீ.யாவது விடுங்கள். சுவரின் தடிமன் இடம் கொடுத்தால் 150 விடுங்கள். வெறும் குளிரைத் தடுக்கத்தான் என்றால் 20 மி.மீ. அளவே போதும், சத்தத்துக்கு அது பற்றாது.

இரண்டு கண்ணாடியும் ஒரே தடிமனில் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் இரண்டுமே சத்தத்தைத் தடுக்காமல் விட்டுவிடும். வெளியே 4 மி.மீ. இருந்தால் உள்ளே 6.4 மி.மீ. லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) போடுங்கள். இடைவெளியின் நான்கு பக்க ஓரங்களிலும் ஒலி உறிஞ்சும் பட்டை ஒட்டினால் இன்னும் குறையும். இத்தனையும் செய்துவிட்டு ரப்பர் சீலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். காற்று நுழைகிற இடுக்கு வழியாகச் சத்தமும் நுழையும்.

கேள்வி: கீல் கதவாகச் செய்தால் பாரம் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, மி.மீ. ஒன்றுக்கு 2.5 கிலோ. 1 மீட்டருக்கு 1.2 மீட்டர் அளவில் 6 மி.மீ. கண்ணாடி என்றால் 18 கிலோ. மூலைகளை 45 டிகிரியில் வெட்டி ஸ்க்ரூ மட்டும் அடித்த சட்டம் நாளடைவில் தொங்கிவிடும். துளையும் கழுந்துமாக, அதாவது ஒரு கட்டையின் செதுக்கிய முனை மற்றதன் துளைக்குள் இறுகப் போகும்படி, மூட்டுப் போடச் சொல்லுங்கள், மூன்று கீல் வையுங்கள்.

பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. காடியில், அதாவது சட்டத்தில் கண்ணாடி உட்காரும் வெட்டில், கண்ணாடியைச் சுற்றிலும் 3 மி.மீ. அளவுக்கு இடம் விட்டு, கீழே கீல் பக்க மூலையிலும் மேலே தாழ்ப்பாள் பக்க மூலையிலும் பிளாஸ்டிக் கட்டை வைக்க வேண்டும். அப்போது கண்ணாடியே குறுக்குத் தாங்கலாக நின்று கதவைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் வீட்டு ஜன்னல் திறப்பு கோணல். அளவு எப்படி எடுப்பது?

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தையும் அதேபோல மூன்று இடத்திலும் எடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் எடுங்கள். கிடைத்ததில் குறைந்த அளவில் பக்கத்துக்கு 3 மி.மீ. கழித்துச் சட்டம் செய்யுங்கள். கோணல் அதிகம் என்றால் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டிவரும். சட்டம் மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும், சுவரின் கோணலுக்கு அதை வளைக்காதீர்கள். ஸ்க்ரூ வரும் இடத்திலெல்லாம் பின்னால் ஆப்பு கொடுத்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்த்த பிறகே முறுக்குங்கள். மிச்ச இடுக்கை சீலன்ட்டால் அடைத்து, மேலே மெல்லிய பீடிங் (மரப்பட்டி) அடித்தால் கோணல் கண்ணில் படாது.

கேள்வி: போட்டாயிற்று, இப்போது நடுவில் வேர்க்கிறது. சட்டம் சரியில்லையா?

எந்தக் கண்ணாடியில் என்று பாருங்கள். வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில் என்றால், வெளியே குளிர். வீட்டுக்குள் இருக்கும் ஈரக் காற்று உங்கள் புதுச் சட்டத்தின் இடுக்கு வழியாகப் போய் அங்கே படிகிறது. உள்சட்டத்து ரப்பரைச் சரிசெய்யுங்கள், வெளி ஜன்னலை முழுக்க அடைத்துவிடாதீர்கள். உள்கண்ணாடியின் வெளிமுகத்தில் என்றால் நேர்மாறு. அறையில் ஏசி ஓடுகிறது, வெளியே புழுக்கம், ஈரம் பழைய ஜன்னல் வழியாக வருகிறது. அப்போது அடைக்க வேண்டியது வெளி ஜன்னலைத்தான்.

கேள்வி: படுக்கையறையில் திறக்க முடியாதபடி ஸ்க்ரூ அடித்து மூடிவிடலாமா?

கூடாது. தீப்பிடித்தால் அந்த ஜன்னல்தான் வெளியேறும் வழியாக இருக்கக்கூடும். சாவியில்லாமல் கையால் திறக்கும்படி வையுங்கள். நடுவில் படியும் தூசியைத் துடைக்கவும் திறந்துதானே ஆக வேண்டும்.

கேள்வி: லேமினேட்டட் கண்ணாடிக்குச் சாதாரண சிலிகான் போடலாமா?

வினிகர் வாடை வருகிற வகை வேண்டாம், ஓரத்தில் நடுப்படலத்தைக் கெடுக்கும். நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். காடிக்கு முதலில் பிரைமர் அடித்துக் காயவிட்டு, அப்புறம் கண்ணாடியை வையுங்கள்.