பிரான்சில் ஓய்வூதியத்தைத் தொட்டாலே ஏன் போராட்டம் வெடிக்கிறது?

பிரான்சின் அரசு ஓய்வூதியம் சேமிப்புக் கணக்கு அல்ல. இன்று வேலை செய்பவரின் சம்பளத்தில் பிடிக்கும் பணம் அப்படியே இன்றைய முதியவர்களுக்குப் போகிறது. கூட்டுக்குடும்பத்தில் சம்பாதிக்கிற பிள்ளைகள் பெரியவர்களைத் தாங்குவது மாதிரி.

பிள்ளைகள் குறைந்தால்? 1960-களில் ஒரு ஓய்வூதியருக்குச் சுமார் 4 பேர் உழைத்தார்கள். இப்போது 2 பேர்கூட இல்லை. சரி, வழி மூன்றுதான்: பிடித்தத்தைக் கூட்டலாம், ஓய்வூதியத்தைக் குறைக்கலாம், ஓய்வு வயதைத் தள்ளலாம். எதைத் தொட்டாலும் யாருக்கோ அடி விழும். முதியவர்கள் தவறாமல் வாக்களிப்பவர்கள் என்பதால் அரசுகள் பெரும்பாலும் வயதில்தான் கைவைக்கின்றன.

2023-இல் அதிபர் மக்ரோனின் அரசு ஓய்வு வயதை 62-இலிருந்து 64 ஆக்கியது. இளம் வயதிலேயே உடலுழைப்புக்குப் போனவர்களுக்குத்தான் அது அதிகம் வலித்தது. லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றபோது, அப்போதைய பிரதமர் போர்ன் அரசியலமைப்பின் 49.3 பிரிவைப் பயன்படுத்தி, நாடாளுமன்றக் கீழவையின் இறுதி வாக்கெடுப்பு இல்லாமலே அதை நிறைவேற்றினார். கோபம் இரட்டிப்பானதற்கு இதுவே காரணம் என்பேன். 2025 அக்டோபரில் பிரதமர் லெகோர்னு அதை நிறுத்திவைப்பதாக அறிவிக்க வேண்டிவந்தது.

64 வயதானாலே முழு ஓய்வூதியம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டப்படி 43 ஆண்டுப் பங்களிப்பும் வேண்டும், இல்லாவிட்டால் 67 வரை காத்திருக்க வேண்டும்.