கிடங்கு, கடைசல், வெல்டிங், பெயின்ட் ஆகிய நான்கு பிரிவுகளுக்கும் டிராலி போய்வர, புதிய அசெம்பிளி பிரிவை எங்கே வைப்பது? அவற்றின் (x, y) இடங்களை டிராலி நடைகளின் எண்ணிக்கையால் எடையிட்டுச் சராசரி போட்டால் (52, 25) வருகிறது, சரியா?

சரியில்லை. உங்கள் எண்களுக்கு இடம் (40, 20). சராசரி எடுத்ததுதான் சிக்கல். அது தூரத்தின் வர்க்கத்தைக் குறைக்கும். உங்கள் டிராலியோ நடைபாதையில் நேராகப் போய்ச் செங்கோணமாக வளைகிறது; அதன் தூரம் x வித்தியாசமும் y வித்தியாசமும் சேர்ந்தது. அதற்கு எடையிட்ட இடைநிலை வேண்டும், அதாவது வரிசையாக நடைகளைக் கூட்டி வரும்போது மொத்தத்தில் பாதியைத் தாண்டும் இடம்; x தனியாக, y தனியாக.

நடைகள் கிடங்கு 5, கடைசல் 12, வெல்டிங் 8, பெயின்ட் 10; மொத்தம் 35, பாதி 17.5. x வரிசையில் 10 (கிடங்கு), 20 (கடைசல்), 40 (வெல்டிங்), 120 (பெயின்ட்). நடைகளைக் கூட்டிக்கொண்டே வந்தால் 5, 17, 25. பாதியைத் தாண்டுவது 40-இல். y-யில் 10 (கடைசல்), 20 (பெயின்ட்) என வரும்போது கூட்டல் 12, 22; பாதியைத் தாண்டுவது 20-இல்.

சோதித்துப் பாருங்கள்: நடை × தூரம் கூட்டினால் உங்கள் இடத்தில் 1825, இங்கே 1600. அப்புறம் பெயின்ட் பிரிவை 120-இலிருந்து 200-க்கு மாற்றிப் போடுங்கள். சராசரி அந்தப் பக்கம் ஓடும், இடைநிலை அசையாது. முதல்முறை பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஒன்று கவனம். (40, 20)-இல் தூணோ இயந்திரமோ இருந்தால் பக்கத்துக் காலியிடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள்; காலியாக உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் அதே கூட்டலைப் போட்டு ஒப்பிடுங்கள். மேல்நிலை கிரேனில் சரக்கு போவதாக இருந்தால் இந்தக் கணக்கே வேறு, அது இரு திசையிலும் ஒரே நேரத்தில் நகரும்.