பொண்ணு கோச் ஆகணும்ங்கறா, சொந்தக்காரங்க கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்கறாங்க

தேனி பக்கத்துலேருந்து ஒரு குடும்பம், பொண்ணை என்ன படிக்க வைக்கலாம்னு எங்கிட்ட கேக்க வந்திருந்தாங்க. பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, பாஸ்கெட்பால்ல ஸ்டேட் வரைக்கும் ஆடியிருக்கா, ஸ்கூல் ஃபுட்பால் டீமுக்கும் அவதான் கோல்கீப்பர். பெரியப்பா மேனேஜ்மெண்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசி வச்சுட்டாராம், அட்வான்ஸ் கட்ட அம்மாவோட நகையை அடகு வைக்கப் போறாங்க. "பொம்பளப் புள்ள கிரவுண்டுல விசில் ஊதிட்டு நின்னா யாருங்க கட்டுவாங்க"ன்னு அம்மாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு.

உங்க பயம் புரியுதும்மா, ஆனா நேராவே சொல்லிடறேன், அந்த சீட்டுக்கு ஒரு ரூபா கட்டாதீங்க. மேத்ஸ்ல தட்டுத்தடுமாறி பாஸான பொண்ணு அவ. ஃபீஸ் கட்டப் போறதும் பெரியப்பா இல்ல, அரியர் எழுதப் போறதும் பெரியப்பா இல்ல. கல்யாணப் பேச்சு பதினேழு வயசுல எதுக்கு, அதை விடுங்க.

அவகிட்ட நான் கேட்டது ஒண்ணுதான், ஆறாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு பாஸ்கெட்பால்ல லே-அப், அதாவது ஓடி வந்து எகிறி கூடைக்குப் பக்கத்துலேருந்து பந்தைப் போடறது, எப்படிச் சொல்லித் தருவேன்னு. உடனே எந்திரிச்சு நின்னு, மொதல்ல பந்தே குடுக்க மாட்டேன் சார், வலது கால், இடது கால், ஜம்ப், இந்தக் காலடி மட்டும் பழகணும், அப்புறம்தான் பந்துன்னு செஞ்சே காட்டுனா. நல்லா ஆடற பசங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா இப்படிப் பிரிச்சுச் சொல்லித்தர வர்றது ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான்.

அவளுக்கு நான் சொல்றது காலேஜ் பிசிகல் டைரக்டர் வேலை, காலேஜோட விளையாட்டு மொத்தத்தையும் பாத்துக்கறவங்க. சின்ன காலேஜ்ல ஃபுட்பால், பாஸ்கெட்பால் ரெண்டுக்கும் அவங்களேதான் கோச்சும். காலைல விடியறதுக்குள்ள கிரவுண்டு, அப்புறம் ஆபீஸ், யார் ஆடலாம்ங்கற எலிஜிபிலிட்டி ஃபார்ம், ஜெர்சி பில், மேட்ச் போற புள்ளைங்களுக்கு ஆப்சென்ட் போடாம ஆன் டியூட்டி குடுங்கன்னு ஒவ்வொரு டிபார்ட்மெண்ட் தலைவர்கிட்டயும் கெஞ்சறது, சாயங்காலம் மறுபடி பிராக்டிஸ், ஜோன் மேட்ச்னா ராத்திரி பஸ்ல டீமைக் கூட்டிட்டுப் போறது. லேடீஸ் காலேஜ்ல எல்லாம் பொம்பள பிசிகல் டைரக்டரைத்தான் தேடறாங்க, டீமோட வெளியூர்ல தங்கணும்ல.

ரூட் நீளம், மறைக்க மாட்டேன். டிகிரி மூணு வருஷம், அப்புறம் உடற்கல்விப் படிப்பான பிபிஎட் ரெண்டு, அதுக்கு மேல்படிப்பு எம்பிஎட் ரெண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி எம்பிஎட்ல 55 சதவீதம் வேணும், காலேஜ் வேலைக்கான தகுதித் தேர்வு நெட் (தேசிய அளவு) இல்லன்னா செட் (மாநில அளவு) பாஸ் பண்ணணும், இல்லன்னா பிஹெச்டி. ஃபிட்னஸ் டெஸ்ட்டும் உண்டு, 30 வயசுக்குள்ள இருக்கற பொண்ணுங்க 8 நிமிஷத்துல 1000 மீட்டர் ஓடியோ நடந்தோ முடிக்கணும், அது இவளுக்கு ஒண்ணுமே இல்ல. காலேஜுக்கோ யுனிவர்சிட்டிக்கோ ஆடுன ரெக்கார்டும் கேப்பாங்க, அதனாலதான் இந்த மூணு வருஷம் அவ எந்த டீம்ல ஆடறாங்கறது டிகிரி பேரை விட முக்கியம். யுஜிசி ஸ்கேல்ல ஆரம்ப பேசிக் சம்பளம் மாசம் 57,700 ரூபா. செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல அதுல பாதி கூட வராமப் போகலாம், அதையும் தெரிஞ்சுதான் இறங்கணும்.

படிக்கற இடம் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ காலேஜை 1920ல ஆரம்பிச்சவர் ஹாரி க்ரோ பக்னு ஒரு அமெரிக்கர், சென்னை பக்கத்துல மேலக்கோட்டையூர்ல தமிழ்நாடு உடற்கல்வியியல் யுனிவர்சிட்டியே இருக்கு. கூடவே ஃபுட்பாலுக்கு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் (ஏஐஎஃப்எஃப்) தர்ற டி லைசென்ஸ், அதான் கோச்சுக்கான சான்று, பிடிச்சா மேல சி, பி. முழுசா கோச்சிங்தான்னு முடிவு பண்ணா டிகிரிக்கு அப்புறம் பஞ்சாப் பாட்டியாலால இருக்கற தேசிய விளையாட்டு நிறுவனத்துல (என்ஐஎஸ்) கோச்சிங் டிப்ளமோ. ஆறு மாசத்துல கோச் ஆக்கறோம்னு லட்சக்கணக்குல கேக்கற பிரைவேட் சர்டிபிகேட் பக்கமே போகாதீங்க.

இப்ப அடகுக் கடைக்குப் போற பஸ் காசுல ஸ்போர்ட்ஸ் கோட்டா டிரையல்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. நல்ல டீம் வச்சிருக்கற ஆர்ட்ஸ் காலேஜ்கள்ல ட்யூஷன் ஃபீஸ் தள்ளுபடி குடுக்கறாங்க, சில இடத்துல ஹாஸ்டலும் சேத்து. ஒரிஜினல் சர்டிபிகேட், ஷூ ரெண்டையும் மறக்காதீங்க. அந்தத் தள்ளுபடி மூணு வருஷத்துக்கும் உண்டா, நடுவுல முட்டி அடிபட்டு ஒரு சீசன் ஆட முடியலன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டு, சொல்றதை எழுத்துல வாங்கிட்டு சேருங்க.